மானுக்கு எடுத்த துவக்கு

நேற்று மகள் தன் தையல் மெஷினைக் கழற்றி எண்ணெய் போட்டாள். அந்த வாசனை குசினியில் அடுப்புவரை வந்ததும், நீங்கள் இறந்து இத்தனை வருஷமாகியும், உள்ளே இருப்பது நீங்கள்தான் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். "என் எண்ணெயைத் தொடாதீங்க" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அந்தக் காலத்தில் என் மெஷினுக்கென்று நான் வாங்கி வைத்த எண்ணெயில் பாதியை மான் சுடுகிற உங்கள் துவக்குதானே குடித்தது!

நீங்கள் ஒன்றும் வேட்டைக்காரப் பரம்பரை இல்லை. கண்டியில் ஒரு புடவைக் கடையில் துணி அளந்து கிழிக்கிற வேலை. உங்கள் கூட்டாளிகள் தெல்தெனியப் பக்கம் மான் வேட்டைக்குப் போவார்கள். அவர்களுடைய சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நீங்களும் பின்னால் போவீர்கள். திரும்பி வந்து அவர்கள் கதை அளக்கும்போது உங்கள் முகம் சுருங்கிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் அரசாங்கக் கச்சேரிக்குப் போய்த் துவக்கு லைசன்ஸ் எடுத்துக்கொண்டு வந்து நின்றீர்கள்.

"ரெண்டு புள்ளைங்க இருக்கிற வீட்டுல துவக்கு என்னத்துக்குங்க?" என்று கத்திப் பார்த்தேன். நீங்கள் சிரித்தீர்கள். நீங்கள் சிரித்துவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது என்று அர்த்தம். சரி, தனியாக விட்டால் பீரங்கியோடு வந்து நிற்பீர்கள் என்று பயந்து நானும் துவக்குக் கடைக்கு வந்தேன்.

கடைக்கார முஸ்லிம் நானா நம் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். பிள்ளைகள் காலுக்குச் சப்பாத்து வாங்க வந்தவர்கள் கடை மாறி நுழைந்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்.

"மொதல்ல செல்லுங்க, எதுக்கு? அது தெரியாம நான் செவத்துல இருந்து ஒண்டையும் எறக்க மாட்டேன்."

"மானுக்கு."

"மானுக்கு மட்டுமா? வேற ஒண்டுக்கும் இல்லயே?"

"மானுக்கு மட்டுந்தான், நானா."

ஆனாலும் உங்கள் கண் போனது இருப்பதிலேயே பெரியதன் மேல். நானா அதை எடுத்துக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்துக் குறி பார்க்கச் சொன்னார், பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னார். நீங்கள் திறந்தபோது குழல் அவருடைய சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தோளில் வைக்கிற மரக்கட்டை உங்கள் கைக்கு நீளம், கழுத்து ஒரு பக்கம் கோணிப்போயிருந்தது. நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். வெட்கத்தில் நீங்கள் சட்டென்று ஆகச் சின்னதைக் காட்டினீர்கள்.

"அது மொசலுக்கு. அதால சுட்டா மான் காயத்தோட ஓடிப்போய் எங்கயாச்சும் கெடந்து சாகும். அந்தப் பாவம் ஒங்களுக்கு வேணாம்" என்றார் நானா. பிறகு நடுத்தரமான ஒன்றை எடுத்து வைத்தார். அழகில்லாதது, கட்டையில் ஒரு கீறல்வேறு. கண்ணை மூடி, தோளில் வைத்து, திறந்தீர்கள். குறி நேராக நின்றது. தூரக் கண்ணாடி பூட்டித் தர முடியுமா என்று கேட்டீர்கள். "மொத துவக்குக்கு வெறுங்கண்ணே போதும். எது நிக்கிதுண்டு நல்லாத் தெரிஞ்சப் பொறகு சுடுங்க" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் துவக்கின் போல்ட்டைக் கழற்றித் துணியில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தீர்கள். அது இல்லாவிட்டால் துவக்கு வெறும் இரும்புக் குழாய்தான் என்று எனக்கும் காட்டிக் கொடுத்தீர்கள். பிறகு எத்தனையோ முறை தெல்தெனியவுக்குப் போனீர்கள். நீங்கள் போன காட்டில் பாதி இப்போது அணைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. பின்பக்கம் மட்டும் தெரிந்தது, தூரம் அதிகம், குட்டி கூட இருந்தது என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணத்தோடு வந்தீர்கள். ஒரே ஒரு தரம் மான் விழுந்தது. அந்தக் கறிக்கு மிளகு அரைத்துப் போட்டு நான்தான் சமைத்தேன். பழி சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது.

தமிழர்களை அடிக்கிற கலவரம் வந்த அன்று கீழ் ரோட்டில் கடைகள் எரிந்தன. புகை நாம் இருந்த கட்டுக்கலை வரை ஏறிவிட்டது. நம் சந்துக்குள் கலவரக்காரர்கள் திரும்புகிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் இருவரும் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எடுங்க" என்றேன்.

"எத?"

"தொவக்கத்தாங்க!"

"அது மானுக்கு எடுத்தது."

"வெளிய வர்றது மனுசனுங்கங்க!"

"அதத்தான் நானும் சொல்றேன்."

சொல்லிவிட்டு அலுமாரியைத் திறந்து போல்ட்டை எடுத்தீர்கள். பின்பக்கம் போய் அதைக் கக்கூஸ் குழிக்குள் போட்டுவிட்டு வந்தீர்கள். வேறு யார் கையிலும் அது வேலை செய்யக்கூடாதாம். பின்வீட்டுச் சிங்கள அக்கா நம்மைக் கூப்பிட்டு விறகு அறையில் வைத்துப் பூட்டினாள். அங்கேயும் நான் உங்களைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். வந்தவர்கள் நம் வீட்டைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அலுமாரி போனது, என் தையல் மெஷின் போனது, போல்ட் இல்லாத அந்த இரும்புக் குழாயும் போனது. புருஷன் என்று ஒருவர் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிட்டதே என்று பின்பு எத்தனை நாள் முகத்துக்கு நேரே சொன்னேன்.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. விறகு அறைப் பலகை இடுக்கால் நான் பார்த்தேன். முன்னால் தடியோடு வந்தவன் நமக்குப் பாண், அந்த பேக்கரி ரொட்டி, கொண்டுவருகிறவன். தினம் காலையில் நம் வாசலில் மணி அடிக்கிற அதே ஆள்தான். அன்றைக்கு அந்தத் துவக்கு என் கைக்கு வந்திருந்தால் அவனைத்தான் முதலில் சுட்டிருப்பேன். எப்படிக் குறி பார்ப்பது என்று கடையில் உங்கள் பின்னால் நின்று பார்த்தவள்தானே நான்.

நீங்கள் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அந்த அக்கா கதவைத் திறக்காமல் இருந்திருந்தால்? பிள்ளைகளை நினைக்கும்போது உங்கள் மேல் கோபம் இப்போதும் அப்படியே ஏறுகிறது. இறங்கவும் இறங்குகிறது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன்.

நேற்று, எண்ணெய் வாசனை போகுமுன்னே, பாண் வண்டி வந்தது. அவன் இப்போது முச்சக்கர வண்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறான். தலை முழுக்க நரைத்துவிட்டது, பக்கத்தில் பேத்தியை உட்கார்த்தி வைத்திருந்தான். "கொஹொமத நோனா?" என்று சிங்களத்தில் நலம் விசாரித்தான். அவனைப் பார்த்தேன், அந்தப் பிள்ளையைப் பார்த்தேன்.

பிறகு, நல்லாத்தான் இருக்கிறேன் என்று சொல்லி ஒரு பாண் வாங்கிக்கொண்டேன்.