அறுத்த மூங்கில்

அகிதா
ஷோவா 34 (1959), ஜனவரி 18

அன்புத் தம்பி கென்ஸோவுக்கு,

அக்கா இகு எழுதுவது. தோக்கியோவில் சுரங்க ரயிலுக்கு மண் தோண்டுகிற இடத்தில் சோறாவது ஒழுங்காகப் போடுகிறார்களா? போய் இரண்டு மாதம் ஆகிறது, ஒரு வரி கிடையாது. அப்பா, "மண்ணு தோண்டுற கைக்குப் பேனா பிடிக்க வலிக்குதாக்கும்" என்கிறார். இங்கே ஜன்னலை மறைத்துப் பனி. பிள்ளைகள் பனிக்குடில் கட்ட ஆரம்பித்தாயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரி பதினைந்தாம் தேதி மூங்கில் சண்டைக்கு இந்த வருஷம் நீ வராதே.

சிரிக்காதே, முழுக்கப் படி. போன வருஷம் நீ தெற்குத்தெரு அணியில் நின்று வீசிய மூங்கில், வடக்குத்தெருவில் நின்ற உன் அத்தானின் காதில் பாதியைக் கொண்டுபோயிற்று. சண்டையில் பட்ட அடியைப் பற்றி மறுநாள் யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. அவரும் திறக்கவில்லை. ஆனால் கடைத்தெருவில் ஒருத்தன் விடாமல் கேட்கிறான்: "என்ன தோராஜி, மச்சினன் காதைக் கடிச்சுத் துப்பிட்டானாமே?" அப்படி யாராவது கேட்டுவிட்டால், அன்று ராத்திரி வீட்டில் ஏதாவது உடையும். சில நாள் சாமான், சில நாள் நான். இதை உனக்குத் தவிர வேறு யாருக்கும் எழுதமாட்டேன்.

சண்டைக்குப் பச்சை மூங்கில்தானே எடுப்பார்கள்? வளையும், சுளீர் என்று படும், அதோடு போகும். இவர் தன் மூங்கிலை அடுப்புக்கு மேலே, முள்ளங்கி புகைபோடத் தொங்கவிடுகிற கட்டையில் கட்டி ஒரு மாதமாகக் காயவைக்கிறார். முனையில் ஆணி அடித்து அதன்மேல் வைக்கோல் கயிற்றைச் சுற்றியிருக்கிறார். என் கண்ணால் பார்த்தேன். "இது எதுக்கு?" என்று கேட்டதற்கு, "உன் தம்பிக்கு விருந்து" என்றார். மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார்.

வராதே, கண்ணு. காய்ச்சல் என்று தந்தி அடித்துவிடு.

உன் அக்கா,
இகு


தோக்கியோ
ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

கென்ஸோ வணக்கம். சோறு போடுகிறார்கள். மீன் என்று ஒன்று போடுகிறார்கள், அது செத்த தேதி மட்டும் யாருக்கும் தெரியாது.

காய்ச்சலாம், தந்தியாம்! நான் வராவிட்டால் தெற்குத்தெருவில் என்னைச் சும்மா விடுவார்களா? வடக்கு ஜெயித்தால் நல்ல விளைச்சல், தெற்கு ஜெயித்தால் அரிசிக்கு நல்ல விலை. மூன்று வருஷமாக வடக்கே ஜெயித்து, விளைந்ததை எல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு நாங்கள் இங்கே வந்து பூமிக்கு அடியில் எலி மாதிரி கிடக்கிறோம். முன்வரிசையில் என் இடத்தை யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

அத்தான் ஆணி அடித்தால் அடிக்கட்டும். தலைக்கவசம் இருக்கிறது, ஓடக் காலும் இருக்கிறது. நீதான் அவரிடம் வாயைக் கொடுக்காமல் இரேன். உன் நாக்கு எனக்குத் தெரியாதா?

பதினான்காம் தேதி சாயங்கால வண்டிக்கு வருகிறேன்.

தம்பி,
கென்ஸோ


அகிதா
பிப்ரவரி 6

கென்ஸோ,

என் நாக்கைப் பற்றிப் பிறகு பேசுவோம். நீ வருவது என்று ஆகிவிட்டதால், என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன்.

நேற்று அவரும் மாமியாரும் கோவிலுக்குப் போனார்கள். மூங்கிலை இறக்கி, பிடிக்குக் கொஞ்சம் மேலே ரம்பத்தால் பாதிக்கு மேல் அறுத்தேன். வெட்டுவாயில் சோற்றுப் பசையும் அடுப்புக் கரியும் குழைத்து அப்பி, பழையபடி கட்டித் தொங்கவிட்டேன். முதல் அடியிலேயே அது முறிந்துவிடும்.

இப்போது நீ செய்யவேண்டியது இதுதான். அவர் கையில் மூங்கில் முறிந்ததும் நீ உன் மூங்கிலைத் தாழ்த்திவிடு. வெறுங்கையோடு நிற்கிறவரை அடித்துவிடாதே. அவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் என் புருஷன். அவரையும் உன் கையில்தான் ஒப்படைக்கிறேன். அவர் ஆட்கள் அவரைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள்.

இது உன்னோடு இருக்கட்டும். அப்பாவுக்குக்கூடத் தெரியவேண்டாம். உன் அத்தானுக்குத் தெரிந்தால் நான் என்ன ஆவேன் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. அம்மா மேல் ஆணையாகச் சொல், சொல்லமாட்டாய் என்று.

இகு


தோக்கியோ
பிப்ரவரி 20

என் அருமை அக்கா,

தோக்கியோவுக்குத் திரும்பிவிட்டேன். தோள்பட்டை எலும்பு விண்விண் என்று தெறிக்கிறது, ஆனால் மனசு நிறைந்திருக்கிறது. சண்டைக்கு மறுநாள் விருந்து அன்று உன் வீடு முழுக்கக் கூட்டம், உன்னிடம் தனியாகப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. அறுத்த மூங்கிலோடு வருகிறவனை ஜெயிப்பதும் ஒரு ஜெயிப்பா? பதினான்காம் தேதி வண்டியை விட்டு இறங்குகிறேன், ஸ்டேஷன் வாசலில் அத்தான் பனி வாரிக்கொண்டிருக்கிறார். நேராகப் போய்ச் சொல்லிவிட்டேன்.

"அத்தான், உங்க மூங்கிலு அறுபட்டிருக்கு. அக்கா செஞ்ச வேலை. அதைத் தூக்கிப் போட்டுட்டு, ஆணியையும் அதோட வீசிட்டு, பச்சை மூங்கில் ஒண்ணு எடுத்துட்டு வாங்க. ஆம்பளையா அடிச்சுக்கலாம்."

என்னை உற்றுப் பார்த்தார். பிறகு மண்வெட்டியைப் பனியில் குத்திவிட்டு அப்படி ஒரு சிரிப்பு! "நீ ஆம்பளைடா. உன் அக்காவுக்குத்தான் புத்தி இல்லை" என்று முதுகில் தட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார். உன்னைக் கொஞ்சம் திட்டியிருப்பார். அதை மனசில் வைத்துக்கொள்ளாதே.

சண்டையை நீ பார்த்திருக்கவேண்டும்! முதல் இரண்டு சுற்று விளையாட்டு மாதிரிதான். மூன்றாவது சுற்றுக்கு வைக்கோல் போரைக் கொளுத்திவிட்டுச் சங்கு ஊதினார்கள். எங்கே பார்த்தாலும் தீப்பொறி, புகை, மூங்கில் மூங்கிலில் விழுகிற சத்தம். என் பக்கத்தில் நின்றவனுக்கு வாய் கிழிந்து ரத்தம் என் முகத்தில் அடித்தது. அத்தான் நெருப்பைச் சுற்றிக்கொண்டு நேராக என்னைத் தேடி வந்தார், கையில் பச்சை மூங்கில்! இரண்டு கையாலும் ஓங்கி என் தோளில் இறக்கினார். எலும்பு உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. நான் ஒற்றைக் கையால் வீசினேன். முன்பல் இரண்டு போய், பனியில் மண்டிபோட்டுச் சிவப்பாகத் துப்பினார். மறுபடி எழுந்து வந்தார். நானும் போனேன். முடிவுச் சங்கு ஊதியதும், அவரே கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டார். தெற்குத்தெரு ஜெயித்தது.

மறுநாள் உன் வீட்டு விருந்தில் அவரும் நானும் தோளோடு தோள் சேர்த்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாயே! மூளியாகிப்போன வாயை வைத்துக்கொண்டு அவர் பாடியபோது உன் மாமியார்கூடச் சிரித்தார். ஆனால் உன்மேல் ஒரு குறை. ஒற்றைக் கையால், அதுவும் இடது கையால் சாகே மது ஊற்றினாயே! "தெற்குத்தெருப் பொண்ணுக்கு மரியாதை மறந்துபோச்சு" என்று அத்தான் சொன்னார், நானும் சிரித்துவிட்டேன். கோபமா? நாங்கள் சமாதானம் ஆனதில் உன்னைவிட யாருக்கு லாபம்? இனி உன் வீட்டில் எதுவும் உடையாது.

அன்புத் தம்பி,
கென்ஸோ


பிப்ரவரி 28

கென்ஸோவுக்கு,

கோணல்மாணலாக இருக்கும், பொறுமையாகப் படி. இடது கையால் எழுதுகிறேன்.

பதினான்காம் தேதி அவர் ஸ்டேஷனிலிருந்து வந்து காலணியைக்கூடக் கழற்றவில்லை. மூங்கிலை இறக்கி முழங்காலில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார், இரண்டாகப் போயிற்று. என்னைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"எந்தக் கையால அறுத்தே?"

மாமியார், "சோத்துக் கையாலதான் அறுத்திருப்பா, வேற எதால?" என்றார். உன் அத்தான் என் வலது கையை விறகு பிளக்கிற கட்டையில் வைத்து, கோடாலியின் பின்பக்கத்தால் அடித்தார். விரல்கள் நசுங்கிப்போன பிறகும் நிறுத்தவில்லை. மாமியார் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் வெளியே போய்ப் பச்சை மூங்கில் ஒன்று கேட்டு வாங்கி வந்தார். நீ சொன்னபடி.

உங்கள் சண்டையில் சங்கு ஊதினால் நிறுத்தியாகவேண்டும். எனக்கு ஊத யாரும் இல்லை.

உன் கடிதம் வந்த அன்று அப்பாவிடம் போனேன். துணியைப் பிரித்துப் பார்த்தார், மறுபடி சுற்றிவிட்டார். "உன் தம்பியும் மாப்பிள்ளையும் இப்பதான் ஒண்ணாச் சேர்ந்திருக்காங்க. நீ போய்க் கெடுத்துடாதே" என்றார். அன்றைக்கே ரயில் ஏறிவிட்டேன். எங்கே என்று எழுதப்போவதில்லை. உனக்குத் தெரிந்தால் உன் அத்தானுக்குத் தெரியும். நீ நல்ல ஆம்பிளை, மறைக்கமாட்டாய்.

வைத்தியர் இரண்டு விரலை எடுத்துவிட்டார். மீதி மடங்காதாம்.

உன்மேல் கோபமா என்று கேட்டிருந்தாய். ஸ்டேஷனில் நீ சொன்னதைக்கூட, சின்னப் பையன், வீம்பு என்று விட்டுவிடுவேன். ஆனால் விருந்தில் நான் உன் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தேன். வலது கை சட்டைக்கைக்குள் வீங்கிப் பழுத்துக் கிடந்தது. ஏன் ஒற்றைக் கையால் ஊற்றுகிறாள் என்று நீ யோசிப்பாய், "கையைக் காட்டு, அக்கா" என்று ஒரு வார்த்தை கேட்பாய் என்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் அத்தனை பேர் முன்னாலும் எழுந்து உன்னோடு வந்திருப்பேன்.

நீ சிரித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினாய். நான் ஊற்றினேன்.

இகு