வெர்னாவின் பக்கத்துக் கதவு

ஜூன் 4, செவ்வாய்

மாலையில் என் பழைய டார்ட் காரில் ரயில் பாதையைக் கடக்கும்போது வெர்னாவின் பக்கத்துக் கதவு மறுபடியும் திறந்துகொண்டது. அதை இழுத்துப் பிடித்தபடியே வீடு வந்து சேர்ந்தாள். இறங்கிய பிறகு அமைதியாகக் கேட்டாள்: "எல்வின், நான் உனக்குப் பொண்டாட்டியா, கதவுக்குத் தாழ்ப்பாளா? முடிவு பண்ணிச் சொல்லு."

ஜூலையில் ஈரி ஏரிக்கரையில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்கு இந்த வண்டியில் போவதாக இருந்தோம். கதவு சரியாகும்வரை ஏறமாட்டாளாம். "நான் என் வேன்ல போறேன். நீ உன் டார்ட்ல பின்னாடி வா."

பக்கத்து இருக்கை காலியாக இருக்கவா இரண்டு வருடம் இதைத் துடைத்துத் துடைத்து வைத்தேன்?

ஜூன் 6, வியாழன்

கீலும் தாழ்ப்பாளும் நன்றாகவே இருக்கின்றன. வளைவது உடம்பு. அந்தக் காலத்துப் பல வண்டிகளைப் போல இதற்கும் முன்னால் ஒரு ஜோடி இரும்புச் சட்டம், பின்னால் ஒரு ஜோடி. நடுவில் வெறும் தரைத்தகடு. கூரையும் மடக்கும் துணி. கொஞ்சம் அழுத்தி மிதித்தால் எட்டு சிலிண்டர் எஞ்சின் மொத்த வண்டியையும் ஈரத்துணியைப் போல முறுக்குகிறது.

முன்சட்டத்தையும் பின்சட்டத்தையும் இருபக்கமும் இரும்புக் குழாயால் இணைத்து வெல்டிங் செய்துவிட்டால் விறைப்பாகிவிடுமாம். அதன் பிறகு எளிதில் பிரிக்க முடியாது. ஆனாலும் குழாய்களை வரவழைத்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 8, சனி

ஐஸ்கிரீம் கடை வாசலில் பழைய வண்டிக்காரர்களின் வழக்கமான சனிக்கிழமைக் கூட்டம். ரூடியிடம் விஷயத்தைச் சொன்னேன். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன், அடுத்த தெரு. வண்டியைத் தூக்கும் லிஃப்ட் ஒன்றைத் தன் கொட்டகையில் நிறுத்தியதிலிருந்து புல்வெட்டும் எந்திரத்தைக்கூடத் தூக்கி வைத்துத்தான் பார்க்கிறான்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கிறே வாத்தியாரே? லிஃப்ட்ல ஏத்துறோம், ரெண்டு குழாய ஒட்டுறோம், மத்தியானச் சாப்பாட்டுக்கு நீ வீட்டுல இருப்பே."

பிறகு தன் சிவப்பு வண்டியின் கதவை இடுப்பால் ஓர் இடி இடித்துச் சாத்தினான். எப்போதும் அப்படித்தான், கூட்டம் கைதட்டியது.

ஜூன் 11, செவ்வாய்

குழாய்களுடன் வந்த செய்முறைத் தாளை மறுபடி படித்தேன். வெல்டிங் செய்யும்போது வண்டியின் எடை அதன் சக்கரங்களின் மேல் இருக்கவேண்டும். ரூடியின் லிஃப்ட் வண்டியை வயிற்றில் தாங்கித் தூக்குகிறது. மூக்கும் வாலும் தொங்கும். அந்தத் தொங்கலோடு ஒட்டினால் தொங்கல் நிரந்தரமாகிவிடாதா?

அவனிடம் சொல்லவேண்டும். ஆனால் நாற்பது வருடம் லத்தீன் சொல்லிக்கொடுத்தவன், நாற்பது வருடம் இரும்பு ஒட்டியவனிடம் எப்படி ஆரம்பிப்பது?

ஜூன் 12, புதன்

ஆரம்பிக்கவில்லை. வானிலை பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

ஜூன் 15, சனி

இதை ஒழுங்காக எழுதவேண்டும். இன்னும் சிரிப்பு வருகிறது.

காலையில் வண்டி லிஃப்டில் ஏறியது. ரூடி குழாய்களைப் பொருத்தி, இடப்பக்கம் பிடிமானத்துக்கு இரண்டு வெல்டிங் பொட்டு வைத்தான். நான் ஏணியில் ஏறி வெர்னாவின் கதவைச் சாத்திப் பார்த்தேன். சாத்திக்கொள்ளவில்லை. விளிம்பு இடித்தது.

"ரூடி, ஒருவேளை என் எண்ணம் தப்பாகவும் இருக்கலாம்..." என்று தொடங்கினேன். முகமூடிக்குள் இருப்பவனுக்கு என்ன கேட்கும்? பொறி பறந்தது. அடுத்தது முழு வெல்டிங். பிறகு முடிந்தது கதை.

என்ன நினைத்தேனோ— சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

ரூடி எந்திரத்தைத் தட்டினான். திட்டினான். ஃப்யூஸைப் பார்க்கத் திரும்பியபோது என்னைப் பார்த்தான்.

"வாத்தியாரே, கையில என்ன?"

"ப்ளக்."

"அது ஏன் உன் கையில இருக்கு?"

"கதவு சாத்தல, ரூடி."

அவனும் ஏணியில் ஏறினான். அழுத்தினான். இடுப்பால் இடிக்க அங்கே இடமில்லை. இறங்கி, வாசலில் நின்ற தன் சிவப்பு வண்டியைப் பார்த்தான்.

"என்னுதையும் இப்பிடித்தான் தூக்கி வச்சு ஒட்டினேன்," என்றான். "இத்தன வருஷமா கீல் கோளாறுன்னு நெனச்சு இடுப்பெலும்பத் தேச்சிருக்கேன்."

மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவன் கேட்டான். ப்ளக்கை அவனிடம் நீட்டினேன். அப்புறம் அவன் சிரிக்க ஆரம்பித்தான், நிறுத்த முடியாமல். "இத ஐஸ்கிரீம் கடையில சொன்னே, அடுத்து உன்னைத்தான் லிஃப்ட்ல ஏத்துவேன்."

ஜூன் 16, ஞாயிறு

பொட்டுகளைக் கிரைண்டரால் அறுத்தெடுத்தோம். சக்கரங்களுக்கு அடியில் மரக்கட்டைகளை அடுக்கி வண்டியை அவற்றின்மேல் நிறுத்தினோம். ஒரு விரலால் தள்ளியதும் கதவு சாத்திக்கொண்டது.

ரூடி அடியில் மல்லாந்து ஊர்ந்தான். "லிஃப்ட் வச்சிருக்கிறவன மண்ணுல படுக்க வச்சிட்டியே, நீ உருப்படுவியா?"

கம்பளத்தைச் சுருட்டி வைத்திருந்தேன், பேட்டரியைக் கழற்றியிருந்தேன், தீயணைப்பான் என் மடியில். வெர்னா ருபார்ப் தண்டை உள்ளே வைத்த இனிப்புப் பலகாரம் ஒன்று சுட்டு எடுத்து வந்தாள். ஒவ்வொரு துண்டு வெல்டிங்குக்கும் பிறகு கதவைத் திறந்து மூடி, "சாத்துது" என்று குனிந்து அறிவித்தாள்.

"தாழ்ப்பாள் வேலைய இன்னும் விடலியா நீ?" என்றது வண்டிக்கு அடியிலிருந்து குரல்.

"பலகாரத்த நானே தின்னுடவா, ரூடி?"

அடியிலிருந்து ஒரு கை தட்டுக்காக நீண்டது.

ஜூன் 18, செவ்வாய்

தனியாக ரயில் பாதையைக் கடந்து பார்த்தேன். கதவு அசையவில்லை. ஓடிவந்து வெர்னாவிடம் சொன்னேன். "நீ மெதுவாப் போயிருப்பே," என்றாள்.

உண்மைதான்.

ஜூன் 22, சனி

வெர்னா சாவியை வாங்கிக்கொண்டாள். என்னைத் தன் இடத்தில் உட்காரவைத்தாள். ரயில் பாதை மேட்டில் அவள் ஏறிய வேகத்தை இங்கே எழுதமாட்டேன். பின்சக்கரங்கள் கிறீச்சிட்டன; முன்பு ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு எழும் வண்டி, இன்று பலகை மாதிரி நேராக எழுந்தது.

"எல்வின், கைய எடு," என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன், இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 6, சனி — ஏரிக்கரை

கூரையை மடக்கிவிட்டுத்தான் வந்தோம். சோளக்காடுகளைத் தாண்டும் முன்பே வெர்னா தூங்கிவிட்டாள், தொப்பியை முகத்தில் கவிழ்த்து, தலையைக் கதவில் சாய்த்து. வழியில் ரயில் பாதைகள் வந்தன. எழுப்பவேண்டும் என்று தோன்றவில்லை.