பூநாரை என்னும் என் உல்லாசப் படகை விடுவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கோவிந்தம்மா,
திருவேங்கடத்தின் மனைவி,
கருவாட்டு வியாபாரம்,
கோட்டைக்குப்பம், பழவேற்காடு.

பெறுநர்:
உயர்திரு தலைமைத் துரை அவர்கள்,
ஒல்லாந்தர் கும்பினிக் கோட்டை,
பழவேற்காடு.

பொருள்: எனக்குச் சொந்தமான உல்லாசப் படகைத் துறை மணியக்காரர் பறித்துவைத்துச் சேதப்படுத்தியது குறித்தும், அதை உடனே விடுவிக்கக் கோரியும்.

மதிப்பிற்குரிய துரை அவர்களுக்கு,

வணக்கம். துபாஷி ஐயா இம்மனுவை ஒரு வரியும் விடாமல் தங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும்படி முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். சுருக்கிச் சொன்னால் நான் அழுது முறையிடுவதுபோல ஆகிவிடும். நான் அழவில்லை.

1. மேற்படி படகு, முன்பு இவ்வூரில் இருந்த துணி வர்த்தகர் ஒருவர் ஏரியில் உலாவிவரக் கட்டுவித்தது. அவர் பத்தாவியாவுக்குக் கப்பல் ஏறிய பிறகு கேட்பாரற்றுச் சேற்றில் சாய்ந்து கிடந்தது. தண்டோரா போட்டு அதை ஏலம் விட்ட நாளில் விறகுக்காகக் கேட்டவர்கள் பலர். படகாகக் கேட்டவள் நான் ஒருத்திதான். என் சொந்தச் சம்பாத்தியத்தில் எடுத்தேன். ஊரே அதற்குச் சாட்சி.

2. அன்றிலிருந்து அதன் பராமரிப்பு முழுவதும் என் பொறுப்பு. அழுகிய அடிப்பலகைகளைத் தச்சர் தானியேல் மாற்றித் தந்தார். பலகை இடுக்குகளில் தேங்காய் நார் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி நானே பூசினேன். நம் ஏரித் தண்ணீரில் மரத்தைத் துளைக்கும் புழு உண்டு. ஆகவே கோடையில் தண்ணீர் வற்றும்போது படகைக் கரையேற்றி, ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டி, அடிப்பக்கத்துக்குச் சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்துப் பூசுகிறேன். மழை பெய்யும் நாட்களில் பாயை அவிழ்த்துப் பரணில் வைக்கிறேன். வெளிப்பக்கம் இளஞ்சிவப்புச் சாயம் பூசி, நம் ஏரிக்கு வரும் பறவையின் நினைவாகப் 'பூநாரை' என்று பெயரும் வைத்தேன். இவ்வளவு சீராக வைத்திருக்கும் படகு வேறொன்று இந்த ஏரியில் இருந்தால் தாங்களே எனக்குக் காட்டலாம்.

3. இப்படகில் வலை ஏறியதில்லை, சரக்கு ஏறியதில்லை, கூலிக்கு ஆளும் ஏறியதில்லை. வேலையில்லாத மாலைகளில் நானும் என் கணவரும் அதில் ஏறிச் சும்மா போய்வருவோம். என் கணவர் சிறுவயது முதல் கடலிலும் ஏரியிலும் மீன் பிடிக்கிறவர். படகில் வேலை செய்யாமல் உட்கார்ந்தே அறியாதவர். முதல் நாள் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தார். பிறகு பூநாரைகள் கூட்டமாக எழுந்து பறந்ததைப் பார்த்துவிட்டு, "இம்மா நாளா இத்த நான் பார்க்கவே இல்லியேம்மே" என்றார். நாள்தோறும் அந்தப் பறவைகளுக்கு நடுவில் வலை வீசியவர் அவர். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் இந்தப் படகை வாங்கியது தகும் என்று நினைக்கிறேன்.

4. சென்ற கார்த்திகையில், கோட்டைத் துறையோரமாக நாங்கள் வரும்போது மணியக்காரர் படகை மறித்தார். "மீன் விக்கிறவளுக்கு இன்னா உல்லாசம்? வலை இல்லாத படகுன்னா கும்பினிக்குத் தெரியாம கள்ளத் துணி ஏத்துறதுக்குத்தான்" என்று எல்லார் முன்பாகவும் சொன்னார். பலகைகளைப் பெயர்த்துத் தேடினார். ஒரு முழத் துணியும் கிடைக்கவில்லை. ஆனாலும் படகைச் சங்கிலியால் கட்டிவிட்டார். நாங்கள் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி வீட்டுக்கு நடந்தோம்.

5. மார்கழியில் நடந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். மணியக்காரர் என் படகிலேயே தம் மனைவியையும் மக்களையும் ஏற்றிக்கொண்டு ஏரிக்குள் உலாவச் சென்றார். பிற்பகலில் வாடைக்காற்று பலத்தது. பாயைச் சுருக்கத் தெரியாமல் கிளிஞ்சல் மேட்டில் மோதிவிட்டார். அலறல் கேட்டு, கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த நானும் என் கணவரும் தோணியைத் தள்ளிக்கொண்டு போனோம். படகின் ஒருபக்க இடுக்கு பிளந்து தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. குழந்தைகளை முதலில் தூக்கினேன், பிறகு அந்த அம்மாளை, கடைசியாக அவரை. எல்லாரையும் உயிரோடு கரை சேர்த்தோம்.

நனைந்த சேலையோடு நடுங்கிக்கொண்டிருந்த அந்த அம்மாள், "இது யாரு படகும்மா?" என்று என்னைக் கேட்டார். "என்னுதுதாம்மா" என்றேன். அவர் தம் கணவரைத் திரும்பிப் பார்த்தார். மணியக்காரர் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டார். மறுநாள் ஆட்களை விட்டுப் படகை மீட்டு, பழையபடி கோட்டைத் துறையில் சங்கிலியிட்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உயிரைக் காத்ததற்கு நான் கைம்மாறு கேட்கவில்லை. என் பொருளைத்தான் கேட்கிறேன்.

6. இப்போது படகு பாதி தண்ணீரில் மூழ்கியும் பாதி வெயிலில் காய்ந்தும் கிடக்கிறது. இப்படியே விட்டால் மாசி வெயிலில் மேல்பலகை வெடிக்கும். கீழ்ப்பலகையைப் புழு தின்னும். பிறகு விறகுக்குத்தான் ஆகும்.

ஆகவே துரை அவர்கள் அருள்கூர்ந்து படகை உடனே விடுவிக்க உத்தரவிட வேண்டுகிறேன். சேதத்துக்கு ஈடு எதுவும் வேண்டாம். என் படகைச் செப்பனிட எனக்குத் தெரியும். ஆனால் கள்ளத் துணி ஏற்றினேன் என்று எந்தத் துறையில் சொன்னாரோ அதே துறையில், அது பொய் என்று மணியக்காரர் சொல்ல வேண்டும். இனி யாரேனும் இந்தப் படகு எதற்கு என்று மறித்துக் கேட்டால், கோவிந்தம்மா தன் மகிழ்ச்சிக்காக வைத்திருக்கிறாள் என்பதே போதுமான பதில் என்றும் தாங்கள் உத்தரவிட வேண்டும்.

இம்மனு தங்கள் கைக்கு வரும் நேரத்தில் நானும் என் கணவரும் தச்சர் தானியேலும் கயிறும் நாரும் குங்கிலியமுமாகக் கோட்டைத் துறையில் நிற்போம். சங்கிலியை அவிழ்க்க ஓர் ஆளை அனுப்பினால் போதும். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
படகின் உடைமைக்காரி,
கோவிந்தம்மா (கைநாட்டு)

இடம்: கோட்டைக்குப்பம்
நாள்: விளம்பி வருஷம், தை மாதம் 12

அவர் சொல்லச் சொல்ல எழுதியவர்: சிங்காரம்