கரி வண்டிக்கு முன்பே

அன்புள்ள சவரி,

நீ இருந்தபோது நான் உனக்கு எழுதிய கடிதங்கள் எதுவும் அரைப் பக்கத்தைத் தாண்டியதில்லை. பட்டணத்தில் மழை, கல்லூரியில் பரீட்சை, அங்கே எல்லோரும் சுகமா என்று முடித்துவிடுவேன். நீயும் உன் மகள் லூர்துவின் கையெழுத்தில், வண்டி ஓடுகிறது, கடலை போட்டிருக்கிறோம் என்று இரண்டு வரி அனுப்புவாய். இந்த ஒரு கடிதம் மட்டும் நீளும். பொறுத்துக்கொள்.

இறந்தவர்களுக்குக் கடிதம் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. நம் பங்குச் சாமியார் கேட்டால் வருத்தப்படுவார். ஆனாலும் உன் உடம்பைப் பற்றிய விஷயத்தை உன்னிடம் சொல்லாமல் பிறரிடம் சொல்வது முறையாகப் படவில்லை. மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும். உன் மனைவி ஞானம்மாவிடம் கேட்ட பிறகே இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். "பேரு போட்டே எழுதுங்க. பேரு இல்லன்னா யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள்.

முதலில் ஊர்ச் செய்தி. யுத்தம் முடிந்துவிட்டது. பெட்ரோல் கிடைக்காத காலத்தில் எஞ்சினுக்குக் கரிப்புகை கொடுக்க நீ ஓட்டிய பஸ்ஸின் முதுகில் கட்டியிருந்த கரி அடுப்பைக் கழற்றிவிட்டார்கள். பெட்ரோல் திரும்ப வந்துவிட்டது. தருமபுரிக்கும் பென்னாகரத்துக்கும் நடுவே வேறொருவர் அந்த வண்டியை ஓட்டுகிறார். கண்டக்டர் அதே மாரியப்பன்தான். லூர்து ஆசிரியைப் பயிற்சிக்குப் போகிறாள். இண்டூரில் இந்த வருஷம் கடலை நன்றாக விளைந்திருக்கிறது.

ஞானம்மாதான் சரியாக இல்லாமல் இருந்தாள். நீ போன நாளிலிருந்து அவள் உப்பே தின்னவில்லை. நான் விடுமுறைக்கு வந்தால் லூர்துவுக்கும் எனக்கும் ஒரு சட்டியில் ஆக்குவாள். தனக்கு வேறொரு சட்டியில் உப்பில்லாமல் வைத்துக்கொள்வாள். முதலில் துக்கம் என்று விட்டுவிட்டேன். போன கோடையில் கடலைக்கொல்லையில் வெயிலில் களை எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். நாள் முழுக்க வேர்வை சிந்துகிறவளுக்கு உப்பே இல்லையென்றால் உடம்பு எதைக் கொண்டு நிற்கும்? நான் கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுப்பவள், வைத்தியம் படித்தவள் அல்ல. ஆனால் இதைச் சொல்ல வைத்தியம் தேவையில்லை. சொன்னேன். அவள் கேட்கவில்லை. உன்னைத் தான்தான் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்பது உனக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான வருஷத்தில் எங்கள் கல்லூரியையும் மூடினார்கள். நான் இண்டூருக்கு வந்து உன் வீட்டில் தங்கினேன். நாம் சிறு வயதுக்குப் பிறகு ஒரே வீட்டில் அத்தனை மாதம் சேர்ந்து இருந்தது அப்போதுதான். காலையில் உன் முகம் ஊதியிருப்பதைப் பார்த்தேன். நீ செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பதையும், இரவில் அடிக்கடி எழுந்து கொல்லைப்பக்கம் போவதையும் கவனித்தேன். கேட்டேன்.

"கரி வண்டிச் சூடுக்கா. அடுப்ப முதுகுல கட்டிக்கிட்டு ஓட்டறேன், தாகம் எடுக்காதா? குடிக்கறேன், போவுது."

"சர்க்கரையா இருந்தா?"

"அதையும் பாத்தாச்சு. எறும்பு பக்கத்துல வந்து மோந்துகூடப் பாக்கல. பன்னீர் மாதிரி தெளிவாப் போவுது. இந்த ஊர்ல எவனுக்கு இப்படிப் போவுது சொல்லு?"

"எறும்பு உனக்கு சர்ட்டிபிகேட் குடுத்துடுச்சா?"

"உன் காலேஜ் சர்ட்டிபிகேட்டவிட அது நெசம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். ஞானம்மாவும் சிரித்தாள்.

நம் பக்கத்தில் அதிகம் நீர் போகிறவனுக்கு இருக்கிற ஒரே பயம் சர்க்கரை. எறும்பு மொய்க்கவில்லை என்றால் பயம் தீர்ந்தது. அதற்கு வேறொரு காரணம் இருக்கக்கூடும் என்று யாரும் மேற்கொண்டு நினைப்பதில்லை. மஞ்சளாகப் போனால் உடம்பில் சூடு, தெளிவாகப் போனால் ஆரோக்கியம் என்பது கணக்கு. நீ உள்ளபடியே எறும்பை நம்பினாயா, அல்லது அது சொன்ன பதில் உனக்குப் பிடித்திருந்ததா? இதை உன்னிடம் நேரில் கேட்டிருக்கலாம். நீ சிரித்திருப்பாய்.

பிறகு ஒரு நாள் ஏரிக்கரை வளைவில், வண்டி நிறைய ஜனம் இருக்கும்போது, நீ எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தாய். "ரோடு ரெண்டாத் தெரியுதுக்கா. இனிமே நான் ஓட்டக் கூடாது" என்றாய். அதற்குப் பிறகு நீ ஸ்டியரிங்கைத் தொடவில்லை. உன் செய்கைகளில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான். இதையும் உன்னிடம் சொன்னதில்லை.

சேலத்து டாக்டர் உன் கையில் துணிப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறிய உயரத்தைப் பார்த்து அவர் மறுபடியும் ஒருமுறை அளந்தார். உன் சிறுநீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி விளக்கில் காட்டினார். பன்னீர் போலத் தெளிவாக இருந்தது, சூடு ஏற ஏற முட்டையின் வெள்ளைக்கரு போலக் கலங்கி வெளுத்தது. என் மாணவிகளுக்கு எத்தனையோ திரவங்களை நான் அப்படிச் சூடேற்றிக் காட்டியிருக்கிறேன். அன்று வேறுபக்கம் பார்த்துக்கொண்டேன்.

"எறும்பு வரலைன்னா சக்கரை இல்லைன்னுதாம்மா அர்த்தம். கிட்னி நல்லா இருக்குன்னு அர்த்தமில்லை" என்றார் டாக்டர். "நல்ல கிட்னி ரத்தத்துல இருக்கற கழிவைத் தண்ணியோட சேத்து வெளியே தள்ளும். இவருக்குத் தண்ணியும், குழாய்ல வெளுத்துதே, உடம்புக்கு வேண்டிய அந்தச் சத்தும்தான் போகுது. கழிவு உள்ளேயே தங்குது. அதனாலதான் இவ்வளவு தெளிவா இருக்கு."

"ரத்தக் கொதிப்பு கிட்னியைக் கெடுத்ததா, கிட்னி கெட்டதால கொதிப்பு வந்ததா?"

"அதை என்னைக் கேக்காதீங்க. பெரிய பெரிய ஆளுங்களே சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. ஒண்ணு கெட்டா மத்ததைக் கெடுக்கும், அது மட்டும் தெரியும். மருந்து இருக்குன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. ஓய்வு குடுங்க. உப்பை நிறுத்துங்க."

அந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த மனிதர்மேல் மட்டும் எனக்கு நம்பிக்கை வந்தது.

கல்லூரி திறந்ததும் நான் பட்டணம் திரும்பினேன். அதற்குப் பிறகு நடந்ததை, உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த மாலையில், ஞானம்மாவே சொன்னாள். உப்பில்லாத களியைப் பார்த்தால் உனக்குக் குமட்டியதாம். "நூறு வருஷம் இருக்கச் சொல்லியா இதத் திங்கறேன்? ஒரு துண்டு கருவாடு சுடு ஞானம்" என்று கெஞ்சினாயாம். முதலில் மறுத்திருக்கிறாள். பிறகு சுட்டுக் கொடுத்திருக்கிறாள். அதற்குப் பிறகு அடிக்கடி கொடுத்திருக்கிறாள். கால் வீங்கியது, மூச்சு வாங்கியது, விக்கல் நிற்கவில்லை, கடைசியில் யார் கூப்பிட்டாலும் கண் திறக்காமல் கிடந்தாய். கரி வண்டி வந்தபின் தொடங்கிய சின்ன நோவைத் தன் கருவாடுதான் சாவாக்கியது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். பாவசங்கீர்த்தனத்திலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். சாமியார் பாவத்தை மன்னித்து ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னாள். வீட்டுக்கு வந்து உப்பில்லாமல் சாப்பிட்டாள்.

இந்த விடுமுறைக்கு வந்தபோது தருமபுரியில் உன் பழைய வண்டியில்தான் ஏறினேன். முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். இண்டூர் வருவதற்குச் சற்று முன்னால், புளியமரங்கள் நிற்கிற இடத்தில், மாரியப்பன் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

"என்ன மாரியப்பன்?"

"ஒண்ணுமில்லீங்கம்மா, அண்ணன் நெனப்பு வந்துச்சு. இந்த மரத்துக்குத்தான் தெனம் வண்டிய நிறுத்துவாரு. ஜனங்க சும்மா வுடுமா? 'ஏன் டிரைவரே, எங்க வூட்டாண்ட நிறுத்தச் சொன்னா காதே கேக்கல, புளியமரம் மட்டும் கைகாட்டுச்சா?'ம்பாங்க. பென்னாகரத்துலேர்ந்து ஒரு வெத்தலக்காரம்மா வரும். 'ரேடியேட்டருக்கு ஊத்தற தண்ணியெல்லாம் இவரு வயித்துக்கா போவுது'ன்னு கேக்கும். வண்டியே சிரிக்கும்."

"அவன் கோவிச்சுக்கலையா?"

"அவரா? 'இந்த மரம் இப்படிக் காய்க்குதுன்னா யாராலங்கறீங்க? புளி வாங்கறப்ப என்ன நெனச்சுக்கங்க'ம்பாரு."

நானும் சிரித்தேன். வண்டி ஏரிக்கரையைத் தாண்டிய பிறகுதான் எனக்கு ஒன்று இடித்தது. கரி வண்டி எப்படியும் வழியெல்லாம் நிற்கும். யாராவது இறங்கிப் பின்னால் போய்க் கரியைக் கிளறிவிட வேண்டும். தானாகவே நிற்கிற வண்டியில், நிறுத்தியதற்காக ஒருவனை ஏன் கேலி செய்ய வேண்டும்? மாரியப்பனைக் கேட்டேன்.

"கரி வண்டில எவனுங்க கேலி பண்ணுவான்? நான் பின்னாடி கரியக் குத்தற நேரத்துல அவரு மரத்தாண்ட போயிட்டு வந்துடுவாரு, யாருக்கும் தெரியாது. நான் சொல்றது பெட்ரோலு காலத்துலீங்க. சண்டை வர்றதுக்கு முன்னால. எம் மூத்தவன் அப்பத்தான் பொறந்தான். இப்ப அவன் இஸ்கூலு போறான்."

மறுநாள் சேலம் போனேன். டாக்டர் உன்னை மறந்திருந்தார். பஸ் டிரைவர், எறும்பு என்றதும் நினைவு வந்தது. மாரியப்பன் சொன்னதை அப்படியே சொன்னேன். "பெட்ரோல் காலத்துலேயே அவ்வளவு தெளிவா, அவ்வளவு தடவை போச்சுன்னா, அப்பவே கிட்னி பெரும்பாலும் போயிருக்கணும். நான் பார்த்தப்போ காப்பாத்த அதிகம் மிச்சமில்லை. நானும் அதை அப்போ உங்ககிட்ட முழுசாச் சொல்லலை" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஞானம்மாவை உட்காரவைத்துச் சொன்னேன். புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஊரே சிரிச்சிருக்குது, என்கிட்ட மட்டும் யாரும் சொல்லலியே அண்ணி."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"எறும்பு வந்துச்சான்னுதான் கேட்டிருப்பேன்" என்றாள். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள். "அப்ப கருவாடு ஒண்ணும் பண்ணலீங்களா?"

ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையில் காரியம் முடிந்திருக்கும். ஆனால் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. பாதிப் பொய்யை ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவாள். பிறகு மீதி உண்மையையும் நம்ப மாட்டாள்.

"பண்ணியிருக்கும் ஞானம். வீக்கம் கூடியிருக்கும், மூச்சு வாங்கியிருக்கும். கடைசி நாளைக் கொஞ்சம் முன்னால இழுத்திருக்கலாம். எவ்வளவுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆனா அவன் குண்டிக்காய், டாக்டர் கிட்னின்னாரே, அது கெட்டது உன் அடுப்புல இல்ல. நீ கருவாடு சுடறதுக்குப் பல வருஷம் முன்னாலயே அது கெட்டுப்போச்சு. நீ சுடாம இருந்திருந்தாலும் அவன் போயிருப்பான்."

தரையில் சிந்தியிருந்த தானியத்தை அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டாள். நான் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன்.

"சாமியாரு மன்னிச்சேன்னாரு அண்ணி. மன்னிச்சாருன்னா நான் செஞ்சிருக்கேன்னுதான ஆவுது? நீங்கதான் இது நான் செஞ்சது, இது நான் செய்யாததுன்னு பிரிச்சுச் சொல்றீங்க." முறத்தை எடுத்துக்கொண்டாள். "செஞ்சது எம்மேலயே இருக்கட்டும். அதுக்குப் பசியோட கேட்டவருக்குக் குடுத்தேன்னு பேரு."

அன்றிரவும் அவள் தன் சட்டியைத் தனியாகத்தான் வைத்தாள். என்னிடம் இருந்ததை எல்லாம் சொல்லியாகிவிட்டது.

மறுநாள் கடலை பிடுங்க ஆட்கள் வந்திருந்தார்கள். கொல்லையிலேயே மூன்று கல்லைக் கூட்டி அண்டாவில் பச்சைக் கடலையை வேகவைத்தாள். உப்பு போட்டாள். இத்தனை நாளும் உப்புப் பார்க்க யாரையாவது கூப்பிடுவாள். அன்று பக்கத்துக் காட்டுக்காரப் பெண் தானாகவே கை நீட்டிக்கொண்டு வந்தாள். "நீ போடி, வேலயப் பாரு" என்று அவளைத் துரத்திவிட்டு, கரண்டியில் ஒரு கடலையை எடுத்து ஊதி, உரித்து, வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், பார்க்காதவர்கள் மாதிரி.

"உப்பு பத்தல" என்றாள். இன்னொரு கை அள்ளிப் போட்டாள்.

சவரி, ஒன்று உறுதி சொல்கிறேன். என் ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தாயிற்று, வயதுக்குத் தக்கபடி இருக்கிறது. லூர்து உன் ரத்தம். அவளை ஒவ்வொரு விடுமுறையிலும் சேலத்துக்கு அழைத்துப் போவேன். அவள் எவ்வளவு நலமாகத் தெரிந்தாலும், எவ்வளவு முணுமுணுத்தாலும் பட்டையைக் கட்டி அளக்கச் சொல்வேன், குழாயைச் சூடேற்றிப் பார்க்கச் சொல்வேன். பாதரசம் எங்கே நிற்கிறதோ அதை அன்றைக்கே ஞானம்மாவிடம் சொல்வேன். நல்லதாக இருந்தாலும் சொல்வேன், இல்லாவிட்டாலும் சொல்வேன்.

உன்னுடன் பிறந்தவள்,
உன் அக்கா அருளம்மா