ஒற்றை இன்ஜினில் திரும்பிய விமானம்

அன்புள்ள அம்மாவுக்கு, மஸ்கட்டிலிருந்து ரகுபதி. மாத்திரையை மறக்காமல் சாப்பிடு. போனில் நீ அழுதால் எனக்குப் பேச்சு வராது, அதான் எழுதுறேன்.

நைனாவுக்குக் கொள்ளி வைக்க மூத்தவன் ஏன் வரலைன்னு காசிமேடே கேக்குதாமே. விமானம் ஏறிட்டேம்மா. அரை மணியில, கடல் மேல, ஒரு இன்ஜின் மக்கர் பண்ணுச்சு. பயப்படாதே, பைலட் அதை அணைச்சுட்டு மிச்ச இன்ஜினில் மஸ்கட்டுக்கே திருப்பி அலுங்காம இறக்கிட்டார். நம்ம மீன்பிடி போட்டா இருந்தா இன்னொரு போட்டில் கயிறு கட்டி வூட்டுக்கே இழுத்துனு வந்திருப்பாங்க.

"ஒண்ணு ஓடுதுல்ல, மெட்ராசுக்கே வுடச் சொல்லும்மா"ன்னு பணிப்பெண்ணிடம் கத்தினேன். "கிட்ட இருக்கிற ஏர்போர்ட்லதான் இறக்கணும் அண்ணா"ன்னுச்சு.

அடுத்த விமானம் மறுநாள். அதுக்குள்ள தம்பி உதயா கொள்ளி வெச்சுட்டான். அவனைத் திட்டாதே. இனி வந்து இன்னா பண்றது? எரிஞ்சது எரிஞ்சதுதான்.

மீன் ஏலத்துக்குப் போறப்ப நைனா தலையில கட்டுற துண்டை யாரிடமாவது குடுத்தனுப்பு. துவைக்க வேணாம்.

லோடு வந்துருச்சு, முடிச்சுக்கிறேன்.

ரகுபதி