உங்கடை தடியில் இருந்த ஆணி

மாட்டின் முதுகைத் தடவியே அதன் குணத்தைச் சொல்லிவிடுகிற என்ரை அத்தானுக்கு,

உங்கடை மகள் தர்சினி கொழும்பில் நடந்த குதிரைப் பந்தயத் தொழில்காரரின் மாநாட்டுக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தாள். வந்த அடுத்த நாள், வீட்டுச் சுவரில் கொழுவியிருந்த, மாட்டைக் குத்த நுனியில் ஆணி வைத்த உங்கடை துவரந்தடியை எடுத்துக்கொண்டு என்ரை கடைக்கு வந்து மேசையில் வைத்தாள்.

"மாமா, அப்பாவின்ரை பேரிலை சவாரி வைக்கிறதெண்டால் ஆணி இல்லாமல் வையுங்கோ. இல்லாட்டி நான் கிண்ணம் குடுக்க வரமாட்டன்."

உங்கடை ஆண்டுத் திவசம் முடிந்து வருகிற ஞாயிறு, சண்டிலிப்பாய்த் திடலில் உங்கடை பெயரில் மாட்டுவண்டிச் சவாரி ஒழுங்கு செய்திருக்கிறோம். கிண்ணம் என்ரை செலவு. பதாகையில் மேலே உங்கடை படம், கீழே என்ரை மாட்டுத்தீன் கடையின் பெயர். உங்களுக்கு ஒளிப்பானேன், அதில் எனக்கும் விளம்பரம்தான். சைக்கிளில் புண்ணாக்கு மூட்டை கட்டித் தொடங்கினவன், சும்மா ஒன்றும் செய்யமாட்டான் என்று நீங்களே சொல்வீர்கள்.

மிருக வைத்தியம் படிக்கிற பிள்ளைகளில் இரண்டு பேருக்கு அந்த மாநாட்டில் இடம் கொடுத்தார்கள். அதில் ஒன்று இவளுக்கு. "நெடுந்தீவிலை நிக்கிறதை விட்டால் எங்களிட்டை ஏது குதிரை? உனக்கு அங்கை என்ன அலுவல்?" என்று கேட்டேன். "ஓடுற கால் எல்லாம் நோகிற கால்தான் மாமா" என்றுவிட்டு பஸ் ஏறினாள்.

பெரிய ஹோட்டல். கோட்டுப் போட்ட ஆட்கள். குதிரையின் பல்லுக்கு மட்டும் ஒரு டொக்டர், லாடத்துக்கு ஒருவர், காப்புறுதிக்கு ஒரு கம்பனி, தீன் விற்க என்னைப் போல நாலைந்து பேர். "கனபேர் குதிரையைத் தொட்டே இருக்கமாட்டினம் மாமா, ஆனால் குதிரையாலைதான் சீவிக்கினம்" என்றாள். எனக்கு அந்தத் தொழில் பிடித்துப்போனது.

இரண்டாம் நாள் மத்தியானம் வரை சவுக்கைப் பற்றியே கதைத்தார்களாம். ஒரு பந்தயத்தில் எத்தனை அடி அடிக்கலாம், கணக்குக்கு மேல் அடித்து வென்றால் என்ன தண்டனை என்று. சவுக்கு இல்லாவிட்டால் யார் பார்க்க வருவான் என்றாராம் ஒருவர். சவுக்கைப் பார்த்துத்தான் சனம் வராமல் விடுகிறது என்றாராம் இன்னொருவர்.

சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா, வயதான குதிரை டொக்டர். எங்கடை ஊரில் மாடு பூட்டி ஓட்டுவோம் என்று சொல்லி, நீங்கள் கடைசியாக வென்ற சவாரியின் வீடியோவைத் தர்சினி போனில் காட்டியிருக்கிறாள். அந்த அம்மா இரண்டு தரம் பார்த்தாவாம்.

"உங்கடை அப்பா நல்லாய் ஓட்டுறார். கையிலை என்ன?"

"தடி."

"நுனியிலை?"

"ஒண்டுமில்லை."

அந்த அம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டாவாம். "அப்பாவைப் பெருமையாய்க் காட்டப் போய், அவருக்காகப் பொய் சொல்ல வேண்டி வந்திட்டுது மாமா" என்றாள் தர்சினி.

அத்தான், ஓடி முடிந்து மாடுகள் வீட்டுக்கு வந்தால் ஆணி குத்தின காயங்களுக்கு நீங்கள்தான் வேப்பெண்ணெய் தடவுவீர்கள். சிரட்டையில் எண்ணெய் பிடித்துக்கொண்டு நிற்பவள் இவள். அப்போது ஏழு எட்டு வயதிருக்கும். இது எப்படி வந்தது அப்பா என்று அவள் கேட்டாளா? கேட்டிருந்தால் என்ன சொன்னீர்கள்? திடலில் நின்று கைதட்டினவன் நான். எனக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

சவாரிச் சங்கத்துச் செயலாளர் பொன்னுத்துரை அண்ணையைக் கடைக்குக் கூப்பிட்டேன். தர்சினியும் பக்கத்தில் நின்றாள். உங்கடை கூட்டாளிக்கு வாய் இன்னும் குறையவில்லை.

"குதிரைக்காரர் சொல்லி எங்கடை மாடு ஓடுறதோ? ஆணி இல்லாட்டி அது திடலிலை படுத்து அசைபோடும்."

"அண்ணை, போன சவாரி வீடியோவுக்குக் கீழை வெளிநாட்டுப் பெடியள் எழுதினதை வாசிச்சனீங்களோ?"

"நான் உதெல்லாம் பாக்கிறேல்லை."

"நான் பாக்கிறனான். இரத்தம் ஒழுகுற மாடு, அதுக்குப் பக்கத்திலை என்ரை கடைப் பேர். மாட்டுத்தீன் விக்கிறவனுக்கு உதைவிடக் கேடு வேறை என்ன?"

அவர் தர்சினியின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, கொப்பர் ஆணி வைச்சுத்தான் இந்தத் திடலிலை பேர் எடுத்தவர். அவரின்ரை பேரிலை ஓடுற சவாரிக்கு ஆணி வேண்டாமோ? எழும்பி வந்து கேக்கப் போறார்."

"வந்தால் நல்லம் பெரியப்பா. எனக்கும் அவரிட்டைக் கேக்கக் கொஞ்சம் கிடக்கு."

மனிசன் சிரித்துவிட்டார். பிறகு மேசையில் கிடந்த தடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, நான் மற்றவையோடை கதைக்கிறன். ஆனால் ஒரு விசயம். மற்றவன்ரை ஆணியைக் கழட்டச் சொல்ல முந்தி, நீ திடலிலை எல்லாருக்கும் முன்னாலை கொப்பரின்ரை தடியிலை கிடக்கிறதைக் கழட்ட வேணும். ஆரின்ரை தடி எண்டு ஒலிபெருக்கியிலையும் சொல்ல வேணும். அதுக்குப் பிறகு ஒருத்தனும் வாய் திறக்கமாட்டான்."

வியாபாரத்தில் என்னை வெட்டக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான். ஒரு வெளிநாட்டு மனிசியிடம் மறைத்ததை, ஊர் முழுவதும் கேட்க இவள் சொல்ல வேண்டும். "வேண்டாம் பிள்ளை, வேறை வழி பாப்பம்" என்றேன். அவள் அவரின் கையிலிருந்து தடியை வாங்கினாள். பிறகு, "ஓம் பெரியப்பா, செய்யிறன்" என்றாள்.

அக்காவுக்குச் சொன்னோம். மூன்றாம் நாள் அவ தடியை ஈரத்துணியால் துடைத்து, குறடு ஒன்றையும் பக்கத்தில் வைத்திருந்தா.

உங்களுக்குக் கோபம் வருமோ, தெரியாது. இதைச் செய்தால் உங்கடை பெயர் கெடுமோ என்று நானும் இரண்டு தரம் யோசித்தேன். ஒன்றுக்கு நான் பொறுப்பு. அவள் கழற்றுகிறபோது பக்கத்தில் நிற்பேன். திடலில் யாராவது சிரித்தால் முதலில் என்ரை முகத்தைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டும். சவாரி முடிந்ததும் தடி பழைய இடத்தில் கொழுவியிருக்கும்.

சங்கத்தோடு பேசி முடித்தது இதுதான். கிண்ணம் உங்கடை பெயரில். ஒருவரின் தடியிலும் ஆணி இல்லை, ஒரு ஓட்டத்துக்கு ஐந்து அடி. ஆறாவது விழுந்தால், முந்தி வந்தாலும் இடம் இல்லை. ஓடி வந்த மாட்டைத் தர்சினி தடவிப் பார்ப்பாள், கையில் இரத்தம் பட்டால் கிண்ணம் அடுத்து வந்த சோடிக்கு. ஓடுகிற சோடி ஒவ்வொன்றுக்கும் என்ரை கடையிலிருந்து ஒரு மூட்டை புண்ணாக்கு. இந்த வருஷத்துக்கு மட்டும்தான் சம்மதம், சனம் குறைந்தால் அடுத்த வருஷம் பழையபடி. இவ்வளவுக்கும் விலை, உங்கடை தடியில் இருந்த ஆணி. தர்சினி ஓம் சொல்லிவிட்டாள்.

அக்காவின் தம்பி, தர்சினியின் மாமன்,
உங்கடை மச்சான்