அரை நொடிக் காத்திருப்பு

தம்பிக்கு,

இன்னும் கோபம் ஆறாத அக்கா எழுதுகிறேன். கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். நீயும் உன் மனைவியும் சுகம்தானே? எனக்கு முழங்கால் வலி அப்படியேதான். மாடிக்கு ஏற முடியாமல் கம்ப்யூட்டரைக் கீழே கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். தூக்கி வந்தவன் வயர்களையெல்லாம் பிடுங்கி ஒரே பையில் திணித்துவிட்டான். சிக்கெடுத்து மாட்டவே ஒரு நாள் போயிற்று.

மெயிலில் எழுதினால் பாதி படித்ததுமே பதில் அடிக்க உட்கார்ந்துவிடுவாய். அதனால்தான் தபால்.

முதலில் என் வழக்கு. கரண்ட் போனால் கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைத்துவைக்க நாம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய புரோகிராம் அது. யார் யாரோ இலவசமாக எடுத்துப் பயன்படுத்துகிறார்கள், சந்தோஷம். அதில் எதை மாற்றினாலும் எனக்குக் காட்டிவிட்டுத்தான், அதைப் பார்த்துக்கொள்கிறவர்களின் மெயில் குழுவுக்கு அனுப்புவாய். இந்தத் தடவை யுஸ்லீப் என்ற பழைய கட்டளையை எடுத்துவிட்டு நானோஸ்லீப் என்ற புதியதைப் போட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. ஊரோடு சேர்ந்து நானும் குழுவில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

யுஸ்லீப் வழக்கொழிந்துவிட்டதாம். ‘கொஞ்ச நேரம் சும்மா இரு’ என்று புரோகிராமுக்குச் சொல்வது ஒன்றுதான் அதன் வேலை. அதைக் குறையில்லாமல் செய்தது. அது இருந்தால் அடுத்த பதிப்பில் நம் புரோகிராமையே சேர்க்க மாட்டோம் என்று, இலவச புரோகிராம்களைத் தொகுத்து விநியோகிக்கிறவர்கள் சொன்ன பிறகு, மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் அவர்கள் சொன்ன காரணம் ஒன்றும் எனக்கு ஒப்பவில்லை, இனியும் ஒப்பாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் திருத்தத்தை இங்கே ஓட்டிப் பார்த்தேன். கரண்ட் போனால் அரை அரை நொடியாகக் காத்திருந்து, திரும்பி வருகிறதா என்று பல தடவை பார்த்துவிட்டுத்தான் நம் புரோகிராம் அணைக்கத் தொடங்கும். நான் யூ.பி.எஸ். பிளக்கைப் பிடுங்கிய கையை எடுப்பதற்குள் இது அணைக்க ஆரம்பித்துவிட்டது. பழையது மைக்ரோ நொடியில் எண்ணும், புதியது நானோ நொடியில். ஆயிரத்தால் பெருக்க வேண்டும். இரண்டு இடத்தில் பெருக்கியிருக்கிறாய். மூன்றாவதில் விட்டுவிட்டாய்.

யாருக்கும் வருகிற தப்புதான். உனக்கு வராது. நான் ஒரு பூஜ்யத்தை விட்டால்கூட ‘என்னக்கா, தூங்கிட்டே எழுதினியா’ என்று கேட்கிறவன் நீ. அடுத்த வாரமே அதே திருத்தத்தை, அதே குறிப்போடு, புதிதாக அனுப்புவதுபோல மறுபடி அனுப்பியிருந்தாய்.

குழுவில் நான் காரணம் சொல்லவில்லை. ‘ஏற்க முடியாது’ என்று மட்டும் போட்டேன். ‘அக்காவுக்குப் புதுசுன்னாலே ஆகாது, விடுங்கப்பா’ என்று ஒருவன் எழுதினான். நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அந்தப் பேர் எனக்குப் பழகிப்போனதுதான். மூன்றாவது இடத்தைச் சரிசெய்து, உன் பெயரிலேயே நேற்றுச் சேர்த்துவிட்டேன். ஏன் இரண்டு தடவை வந்தது என்று யாராவது கேட்டால், நான்தான் மறுபடி அனுப்பச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

உன் மனைவியோடு போனில் பேசினேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு சொன்னாள். கடைக்குப் போனவன் தெருமுனையில் நின்றுகொண்டு, ‘நம்ம வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்பணும்’ என்று அவளுக்கே போன் செய்தாயாம். வீட்டுக்கு வந்து, ‘சும்மா விளையாட்டுக்குக் கேட்டேன்’ என்று சிரித்தாயாம். டாக்டர் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாயாம். அவள்மேல் எரிந்து விழாதே. நான்தான் நோண்டி நோண்டிக் கேட்டேன்.

பிடிவாதத்தில் என்னை ஜெயித்துவிடலாம் என்று நினைக்காதே. டாக்டரிடம் நேரம் வாங்கிவைக்கச் சொல்லிவிட்டேன். நானும் வருகிறேன். முழங்காலைச் சொல்லித் தடுக்காதே, ரயிலில் உட்கார்ந்துதானே வரப்போகிறேன். உள்ளே கூப்பிடும்வரை உன் பக்கத்து நாற்காலியில் இருப்பேன். நீ பேச வேண்டாம். அவர் என்ன சொன்னாலும் மூன்று பேருமாகச் சேர்ந்து கேட்டுக்கொள்வோம்.

நீ நன்றாக இருக்க வேண்டும் தம்பி. எனக்குச் சண்டை போட வேறு ஆள் கிடையாது. நான் வந்து மணியடிக்கும்போது, நீயே வந்து கதவைத் திறந்து, ‘வாக்கா’ என்று சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா